சிக்னல் வராத அறை

அந்த ஹாஸ்டலில் யாருக்கும் வேண்டாத அறை ஒன்று இருந்தது. மூன்றாவது மாடியில், நடைவழியின் கோடியில். ஒரு பக்கம் லிஃப்ட் ஏறி இறங்கும் கான்கிரீட் கூண்டு, இன்னொரு பக்கம் குளியலறைக் குழாய்கள், தலைக்கு மேலே இரும்புத் தண்ணீர்த் தொட்டி. லிஃப்ட் கிளம்பினால் கட்டில் நடுங்கும். தொட்டி நிரம்பினால் ஜன்னலுக்கு வெளியே அருவி கொட்டும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செல்போனில் சிக்னல் என்ற சங்கதியே அங்கே கிடையாது. வாசற்படி தாண்டியதும் கோடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் ஒரு பெருக்கல் குறி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். அறை ஒதுக்கும் நாளில் அந்த அறை விழுந்தவள், தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றலாகிப் போகிறவள் மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டு வார்டனிடம் ஓடுவாள். வார்டன் மேடம் அதற்கென்றே தனியாக ஒரு முகம் வைத்திருந்தார்.

மேஸ்திரி ஒருத்திதான் அந்த அறையை வலியக் கேட்டு வாங்கியவள்.

மேஸ்திரி என்றதும் சாந்துக் கரண்டியைத் தேடாதீர்கள். கட்டடக் கலை படிக்கிற பெண். அறைத்தோழிகள் சூட்டிய பட்டம் அது. தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி கால்நடை மருத்துவம், ஆகவே மாட்டு டாக்டர். மற்றவள் கணினி படிக்கிறவள், ஆகவே கம்ப்யூட்டர். அவர்கள் இருவரும் அழுதுகொண்டே அந்த அறையில் வந்து விழுந்தவர்கள். மேஸ்திரியோ, முதல் வருடக் கடைசியில் கையில் போனைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி, வீடு பார்க்க வந்தவள் மாதிரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, எந்த மூலையில் சிக்னல் சுத்தமாகச் செத்துப்போகிறது என்று கண்டுபிடித்து வந்தவள். படித்த படிப்பு அதற்காவது உதவியது.

ஏன் இந்தக் கிறுக்குத்தனம் என்று கேட்பீர்கள். எல்லாம் அப்பாவால்தான்.

அப்பா நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, மகள் கேட்டதை வாங்கித் தராமல் இருந்ததும் கிடையாது. ஆனால் முதல் வருடம் முழுக்க, சாயங்காலம் ஆனால் வீடியோ கால். "சாப்பிட்டியா பாப்பா" என்று ஆரம்பிப்பார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிடும். "போனைக் கொஞ்சம் திருப்பு." அவள் திருப்புவாள். அலமாரியைக் காட்டு. காட்டுவாள். கட்டிலுக்கு அடியில் காட்டு. குனிந்து காட்டுவாள். அந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, திரையை ஏன் பாதி விலக்கி வைத்திருக்கிறீர்கள், அது யார் செருப்பு, பொம்பளைப் பிள்ளை செருப்பு இவ்வளவு பெரிசாகவா இருக்கும். செருப்பு, கூடைப்பந்து ஆடும் தோழியுடையது. பாவம், அவளுக்குக் கால் அப்படி.

ஒரு நாள் அந்தக் கூடைப்பந்துக்காரி தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டோடு உள்ளே வந்தாள். மேஸ்திரியின் போன் அப்போது அலமாரியிலிருந்து ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் கண்ணை மூட வேண்டிய இடத்தில் அவருக்கு என்ன வேலை? கூடைப்பந்துக்காரி கத்தவில்லை, சண்டை போடவில்லை. மறுநாள் மேஸ்திரி வகுப்பு முடிந்து வந்தபோது, மற்ற கட்டில்களைச் சுற்றிக் கயிறு கட்டிப் படுக்கை விரிப்புகள் தொங்கின. அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். அவள் போனைக் கையில் எடுத்தால் எல்லோரும் எழுந்து வெளியே போவார்கள். அந்த வருடம் முடியும்வரை மேஸ்திரி துணிக்கடையில் குடியிருப்பது போலத்தான் இருந்தாள். அந்தப் பெண்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

அப்பாவிடம் "காட்ட மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலாம்தான். நாமெல்லாம் நம் அப்பாக்களிடம் என்னென்ன சொல்லிக் கிழித்தோம்? வாய் வரைக்கும் வரும், அங்கேயே கரைந்துவிடும். அதனால் அவள், தான் சொல்ல வேண்டியதைச் சுவரைச் சொல்ல வைத்தாள். "புது ரூம்ல சிக்னலே இல்லப்பா." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தினமும் சாயங்காலம் கீழே முற்றத்துக்கு இறங்கி வந்து, டேட்டாவை அணைத்தபடியே, குரல் மட்டும் கேட்கிற சாதாரணக் காலில் பேசிவிட்டு மேலே போவாள். முற்றத்தில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது, நாலு சைக்கிளும் ஒரு குப்பைத்தொட்டியும்தான்.

மேலே அந்த அறையில் அவளுக்கு ஒரு புது வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தலைகீழாகப் படித்தாள். மாட்டு டாக்டர் கிழிந்த தலையணையில் தையல் போட்டுப் பழகுவாள். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து மாடு மாதிரி முனகுவாள். கம்ப்யூட்டர் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் ஒப்பாரி வைப்பாள், அதற்கு இருவரும் தாளம் போடுவார்கள். யாரும் யார் முன்னாலும் விரிப்புக் கட்டவில்லை. மேஸ்திரிக்கு வாழ்க்கையில் தோழிகள் என்று கிடைத்தது அந்த அறையில்தான். அப்பாவின் கதையை அவர்களிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர்களும் கயிறு தேடுவார்கள் என்ற பயம்.

இப்படி இருக்கும்போதுதான் கம்ப்யூட்டரின் வகுப்பில் எவளோ ஒருத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டாள். "கம்ப்யூட்டர் படிக்கிறவ ரூம்லயே நெட் இல்லையாமே."

கம்ப்யூட்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படித்து முடித்துப் போகிற சீனியர் ஒருத்தியிடமிருந்து ஒரு பழைய வைஃபை ரூட்டரை வாங்கி வந்தாள். இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டி, ஒரு கொம்புக்குக் கட்டுப் போட்டிருந்தது. நடைவழியில் இருக்கும் கல்லூரி இணைப்புப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து இதில் சொருகினால் அறை முழுக்க நெட் கொட்டும் என்றாள். வார்டன் மேடத்திடம் அனுமதியும் வாங்கிவிட்டாள். "வயர் தடுக்கி எவளாவது விழுந்தா, விழுந்தவளும் நீயும் சேர்ந்து என்கிட்ட வாங்க" என்பதுதான் மேடம் போட்ட ஒரே நிபந்தனை.

பெட்டியைப் பார்த்ததும் மேஸ்திரிக்கு அப்பாவின் "போனைக் கொஞ்சம் திருப்பு"தான் காதில் கேட்டது.

"இதுல கதிர் வீச்சு வரும்டி. தலைமாட்டுல வெச்சுட்டுப் படுத்தா மூளை போயிடும்னு சொல்றாங்க."

"இருக்கிறவங்கதான் பயப்படணும்" என்றாள் மாட்டு டாக்டர்.

"படிப்பு கெட்டுடும்."

"இப்ப என்ன வாழுது?"

அதற்கு மேல் எதிர்த்தால் காரணம் கேட்பார்கள். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் வராது என்று மனதுக்குள் ஒரு நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கையைக் கம்ப்யூட்டர் இரண்டு நாள் வீண்போக விடவில்லை.

முதலில் கேபிள். அதன் நுனியில் எட்டு வண்ணக் கம்பிகளை வரிசை மாறாமல் ஒரு கண்ணாடித் தலைக்குள் நுழைத்து இடுக்கியால் நசுக்க வேண்டும். எட்டுக் கம்பியின் வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கம்ப்யூட்டர் ஒப்பிப்பாள். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனால் ஒப்பித்த வாய்க்கும் நசுக்குகிற கைக்கும் பழக்கம் இல்லை. பச்சை போக வேண்டிய இடத்தில் நீலம் போய் நின்றது. வெட்டினாள், மறுபடி சொருகினாள், மறுபடி வெட்டினாள். ஒவ்வொரு தப்புக்கும் கேபிள் ஒரு சாண் குறைந்தது. மேஜைமேல் வைக்க நினைத்த பெட்டி நாற்காலிக்கு வந்து, நாற்காலியிலிருந்து தரைக்கு வந்து, கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் துணி மாட்டும் கொக்கியில் தொங்கும் நிலைக்கு வந்தது. இன்னும் ஒரு தப்புப் பண்ணினால் நடைவழியில்தான் நெட் பார்க்க வேண்டும் என்றபோது, மாட்டு டாக்டர் கம்பிகளைப் பிடுங்கி, ஊசி கோக்கிற விரலால் ஒவ்வொன்றாக நேராக்கி நசுக்கிக் கொடுத்தாள்.

"குடல் தைக்கிறதைவிட இது ஈஸிடி" என்றாள்.

அடுத்தது செட்டிங்ஸ். பெட்டியின் அடியில் இருந்த எண்ணைக் கல்லூரி இணையப் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும், அதைக் கம்ப்யூட்டர் ஒழுங்காகச் செய்துவிட்டாள். அதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். இருப்பாளா? பெட்டிக்குள் புகுந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்ற ஆரம்பித்தாள். எதை எப்படி மாற்றுவது என்று சொல்லித்தரும் வீடியோக்கள் எல்லாம் நெட்டில் இருந்தன. நெட் முற்றத்தில் இருந்தது. ஆகவே கீழே ஓடி ஒரு வீடியோ பார்ப்பாள், மறப்பதற்குள் மூன்று மாடி மூச்சிரைக்க ஏறி வந்து அதன்படி மாற்றுவாள், சிவப்பு விளக்கு அசையாமல் எரியும், மறுபடி கீழே ஓடுவாள். ஒரு வீடியோவில் சொன்னவன் ஒரு மாதிரி சொன்னான், அடுத்தவன் அதற்கு நேர்மாறாகச் சொன்னான். இருவர் சொன்னதையும் கம்ப்யூட்டர் செய்தாள்.

மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அதைப்போல அழகான விளக்கை அவள் பார்த்ததே இல்லை. "விடுடி, உடம்பைக் கெடுத்துக்காத" என்று தோழிக்கு ஆறுதல் சொன்னாள். அவள் மனதுக்குள் ஒரு குத்தாட்டம் நடந்தது யாருக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் சாயங்காலம், விளக்கு ஒரு நொடி பச்சைக்குப் போய்விட்டுச் சிவப்புக்குத் திரும்பியது.

"பாத்தியா? கிட்டத்தட்ட வந்துடுச்சு" என்றாள் கம்ப்யூட்டர். தலைமுடி எல்லாம் பறந்து, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. "நாளைக்கு ராவைக்குள்ள முடிச்சுடுவேன். ஒண்ணே ஒண்ணு, இந்தப் பின்னாடி ஒரு குட்டி ஓட்டை இருக்கு பாருங்க, ரீசெட். இதுல யாரும் கைய வெச்சுடாதீங்க. நான் பண்ணினது எல்லாம் அழிஞ்சு போயிடும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். மேஸ்திரிக்கு அந்த ஓட்டை இருப்பதே அதுவரை தெரியாது.

மறுநாள் காலை மற்ற இருவரும் வகுப்புக்குப் போனபின் மேஸ்திரி கதவைச் சாத்தினாள். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். அதை ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டுப் பின்னுக்கு இழுத்தாள். இரண்டு நாளாக மூன்று மாடி ஏறி இறங்கியவளின் உழைப்பு அது. அவள் திரும்பிவந்து பார்த்து உட்கார்ந்துவிடுவாள், ஒப்பாரி வைப்பாள், இந்தத் தடவை தாளம் போட முடியாது. படுபாவி, இப்படிச் செய்வாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் கண்ணை மூடினால் கயிறு கட்டித் தொங்கும் விரிப்புகள்தான் தெரிந்தன. ஓட்டைக்குள் பின்னை விட்டு அழுத்தினாள். எல்லா விளக்கும் செத்தன. பெட்டி மூச்சு நின்ற மாதிரிக் கிடந்தது. செத்துத் தொலைந்தது என்று நினைத்து, பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்கப் பயந்து வகுப்புக்கு ஓடினாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது நடைவழியில் நடக்க இடம் இல்லை. மூன்றாவது மாடியே அவர்கள் அறை வாசலில் உட்கார்ந்திருந்தது. சுவரோரம் கால் நீட்டிக்கொண்டு, ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்துகொண்டு, எல்லோர் முகத்திலும் போன் வெளிச்சம். அறைக்குள் அதைவிட மோசம். மேஸ்திரியின் கட்டிலில் அவளுக்குப் பெயர்கூடத் தெரியாத ஆறேழு பெண்கள். ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு எதிர்முனையில் யாரிடமோ கொஞ்சிக்கொண்டிருந்தாள். கொக்கியில் தொங்கிய பெட்டியில் விளக்குகள் வரிசையாகப் பச்சை.

"வந்துட்டா" என்று கத்தினாள் கம்ப்யூட்டர். ஓடிவந்து மேஸ்திரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீதானே பண்ண? மறைக்காத. உன் ஹேர்பின் அந்த ஓட்டையிலயே தொங்கிட்டு இருந்துச்சு."

மேஸ்திரியின் கை தானாகத் தலைக்குப் போய், பின் இருந்த இடத்தைத் தடவியது.

"நான் போட்ட செட்டிங்ஸ் மொத்தமும் தப்புடி. ஒண்ணு மேல ஒண்ணு தப்பு. பெட்டியச் சும்மா விட்டிருந்தாலே அது காலேஜ் லைன்ல தானா சேர்ந்திருக்கும். நான்தான் உள்ள போய்க் குட்டிச்சுவர் ஆக்கி வெச்சிருந்தேன். நீ ரீசெட் பண்ணதும் என் குப்பை எல்லாம் போய், பழையபடி ஆகி, ஜம்முனு கனெக்ட் ஆயிடுச்சு." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "எனக்கு அவமானமா இருக்கக் கூடாதுன்னு, நான் இல்லாத நேரமாப் பாத்துப் பண்ணியிருக்க பாரு. உன்னை மாதிரி யாருடி இருப்பா?"

கட்டிலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். "மேஸ்திரி, கட்டடத்தையே தூக்கி நிறுத்திட்ட" என்றாள் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள். மேஸ்திரிக்கு ஓவென்று அழலாம் போலிருந்தது. கெடுக்கப் போன இடத்தில் கும்பிடு விழுந்தால் யார்தான் என்ன செய்வது?

"பாஸ்வேர்டும் அழிஞ்சுபோச்சு, அதான் மாடியே உள்ள வந்துடுச்சு" என்றாள் மாட்டு டாக்டர். "இன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கோம்."

"உன் போனைக் குடு" என்று கம்ப்யூட்டர் மேஸ்திரியின் கையிலிருந்து போனை உருவினாள். "முதல்ல உனக்குத்தான் போடணும்னு இருந்தேன். அதுக்குள்ள இந்தக் கூட்டம்."

"வேணாம்டி. எனக்கு எதுக்கு. நான் கீழ போய்ப் பேசிக்கிறேன்."

"இனிமே உனக்கு என்ன தலையெழுத்து, கீழ போய் நிக்க?"

ஒரு விரல் பட்ட நேரம்தான். அந்த அறைக்குள் வந்த நாளிலிருந்து பெருக்கல் குறியோடு தூங்கிய போன் துள்ளி விழித்தது. குடும்பக் குழுவின் காலை வணக்கங்களும் பூப் படங்களும் மாலை மாலையாக இறங்கின. கம்ப்யூட்டர் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெட்டில் இருப்பதைச் சொல்லும் பச்சைப் புள்ளி தெரிந்ததும் தெரியாததுமாக, திரை முழுக்க அப்பாவின் படம் வந்து, போன் பாட ஆரம்பித்தது. வீடியோ கால்.

"உங்கப்பாடி. முதல் காலே உங்கப்பா" என்று சொல்லிக் கம்ப்யூட்டர் பச்சையை அழுத்திவிட்டாள்.

மேஸ்திரி பாய்ந்து போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேராக, முகம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்பாவின் முகம் தெரிந்தது. பின்னால் எப்போதும்போல வெள்ளைச் சுவர்.

"பாப்பா, நெட் வந்துடுச்சா? குழுவுல உன் பேர்ல பச்சையாத் தெரிஞ்சுது. ரூம்லதான் இருக்கியா?"

"ஆமாப்பா."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான்பா."

"என்ன பின்னாடி சத்தம்? நிறைய பேர் இருக்காங்களா? போனைக் கொஞ்சம் திருப்பு."

மேஸ்திரியின் கை பழக்கதோஷத்தில் அசைந்துவிட்டது. திரையின் ஓரத்தில் எண்ணெய் வைத்த தலை ஒன்று வந்தது. அந்தப் பெண் துப்பட்டாவைத் தேடிக் கையை நீட்டினாள். மாட்டு டாக்டர் தையல் ஊசியோடு நிமிர்ந்து பார்த்தாள். கம்ப்யூட்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த முகம் மேஸ்திரிக்கு நன்றாகத் தெரிந்த முகம். போன வருடம் கூடைப்பந்துக்காரி வைத்திருந்த முகம். மேஸ்திரி கையை நிறுத்தினாள்.

அப்போதுதான் அது கேட்டது. கம்ப்யூட்டரின் பெட்டி சும்மா சொல்லக் கூடாது, லைன் அவ்வளவு சுத்தம். போன வருடம் கொரகொரவென்று இருந்த இடத்தில் இப்போது அப்பாவின் மூச்சுகூடக் கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால் இன்னொரு குரல், கிசுகிசுப்பாக.

"அலமாரியத் திறந்து காட்டச் சொல்லு."

"அலமாரியத் திறந்து காட்டு பாப்பா" என்றார் அப்பா.

"கட்டிலுக்குக் கீழ."

"கட்டிலுக்குக் கீழயும் அப்படியே..."

அத்தையின் குரல். அப்பாவுக்கு மூத்தவள், அந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எந்த அடுக்கில் இருக்க வேண்டும் என்பதுவரை தீர்ப்புச் சொல்கிறவள். மேஸ்திரிக்கு ஒரு வருடச் சாயங்காலங்களும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அப்பா ஒரு நொடி நிற்பார். லைன் மெதுவாக வருகிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

"அப்பா, பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லியே."

"போனைத் திருப்புங்கப்பா."

"என்னது?"

"நான் திருப்பறேன்ல தினமும். நீங்க ஒரு தடவை திருப்புங்க."

அப்பாவுக்குக் கேமரா மாற்றுகிற பொத்தான் எது என்று தெரியாது. எதையோ அழுத்தினார், விளக்கு எரிந்தது, அணைந்தது. கடைசியில் போனையே கையோடு திருப்பிவிட்டார். மகளின் சாயங்காலப் போனுக்காகவே கூடத்தில் நாற்காலிகள் அரைவட்டமாகப் போட்டிருந்தன. நடு நாற்காலியில் அத்தை, மடியில் கண்ணாடிக் கூட்டோடு. பக்கத்தில் மாமா, தட்டில் எதையோ கொறித்துக்கொண்டு. அப்புறம் சித்தி. சித்தப்பா. எதிர் வீட்டுக்காரம்மாகூட இருந்தார். அம்மா மட்டும் உட்காரவில்லை. சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வருடம் முழுக்கப் படம் ஓடியிருக்கிறது. மேஸ்திரியின் அலமாரி, மேஸ்திரியின் கட்டில், கூடைப்பந்துக்காரியின் செருப்பு, அப்புறம் அந்தத் துண்டு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார், சரி. மாமா மூடிக்கொண்டாரா?

மேஸ்திரிக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"நான் காட்ட மாட்டேன்."

அவ்வளவுதான். மூன்று வார்த்தை, வந்து விழுந்துவிட்டது. சொன்ன குரல் தன்னுடையதா என்று அவளே ஒரு கணம் யோசித்தாள்.

"இது நாங்க மூணு பேரும் துணி மாத்துற ரூம். அவங்களும் ஒரு வீட்டுப் பிள்ளைங்க. நாற்காலி போட்டு உக்காந்து பாக்க இங்க ஒண்ணும் இல்ல. இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமே எப்பவும் காட்ட மாட்டேன். பேசணும்னா பேசுங்க."

"பாத்தியா, பாத்தியா" என்றாள் அத்தை, இப்போது கிசுகிசுப்பை விட்டுவிட்டு. "எதையோ மறைக்கிறா."

"ஆமா அத்தை. மறைக்கிறேன்."

மாமா கொறிப்பதை நிறுத்தினார். அத்தை தம்பியைப் பார்த்தாள். "இப்படிப் பேசுது உன் பொண்ணு, நீ கேட்டுட்டு நிக்கிற. முதல்ல அந்த ரூமைக் காட்டச் சொல்லுடா."

போன் அப்பாவின் கையில் இருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. அத்தை தெரிந்தாள், சித்தி தெரிந்தாள், வாசலில் அம்மா தெரிந்தாள். அம்மா கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி காத்திருந்தாள். போனைத் துண்டிக்கப் போகிறார். அல்லது மூட்டையைக் கட்டு, படிச்சது போதும் என்று சொல்லப் போகிறார். சொன்னால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாற்றிச் சொல்ல மட்டும் போவதில்லை என்று தெரிந்தது.

இந்தப் பக்கம் மாட்டு டாக்டர் சத்தமில்லாமல் எழுந்தாள். கட்டிலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தோளில் தட்டி, வாசலைக் காட்டினாள். எண்ணெய்க்காரி சீசாவை எடுத்துக்கொண்டு போனாள். கடைசியாகக் கம்ப்யூட்டர் போனாள், போகும்போது மேஸ்திரியின் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

திரையில் கூடம் ஆடியது. அத்தை ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. நாற்காலிகள் விலகின, சுவர் ஓடியது, செருப்பு மாட்டுகிற சத்தம், ஒரு கதவு திறந்து மூடியது. அப்புறம் தெரு விளக்குக் கம்பமும் கொஞ்சம் வானமும். அப்பா கொஞ்ச தூரம் நடந்தார்.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா."

"இப்ப நான் மட்டும்தான்."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். அவள் நம்பவில்லை போல என்று அவர் நினைத்துக்கொண்டார். நின்று, போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தானே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். மூடின கடைகள், ஒரு சுவர், நிறுத்தி வைத்த வண்டிகள், இன்னொரு சுவர். ஆளில்லாத தெரு முழுவதையும் மகளுக்குக் காட்டிவிட்டு, போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். அவருக்குச் சுற்றியதில் மூச்சு வாங்கியது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்பா."

அடுத்த கேள்வியை எடுத்துக்கொடுக்க இப்போது அவர் பக்கத்தில் ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மகள் சுவரில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரூம்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "உனக்கு அங்க பிடிச்சிருக்கா?"

இந்தக் கேள்வியை அவர் அதுவரை கேட்டதே இல்லை. மேஸ்திரி பதில் சொல்ல ஆரம்பித்தாள். லிஃப்ட் ஏறினால் கட்டில் நடுங்குவதைச் சொன்னாள், மாடு மாதிரி முனகுவதைச் சொன்னாள், கேபிள் சாண் சாணாகக் குறைந்ததைச் சொன்னாள். அப்பா தெருவிளக்கின் கீழே நின்றுகொண்டு, நடுவில் குறுக்கிடாமல் கேட்டார், இரண்டு இடத்தில் சிரித்தார். போனைத் திருப்பச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவளும் திருப்பவில்லை.